கடாரம் தெரியும், காஞ்சனபுரி தெரியாது



துப்பறியும் கதை படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்றொரு கூற்று நம்மிடையே நெடுங்காலமாக உலவி வருகின்றது. பெற்றோர் சொல்கின்றனர், ஆசிரியர்களும் சொல்கின்றனர். இலக்கியவாதிகளோ அதையே வேறு சொற்களில், 'வணிக எழுத்து' என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்கின்றனர். இக்கூற்று தவறு என்பது என் கட்சி. தவறு மட்டுமன்று, மலேசியத் தமிழருக்குப் பெரும் இழப்பை உண்டாக்கிய கூற்று என்றும் சொல்வேன். எப்படி என்று கேட்பீர்கள். சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. பொறுமையோடு படியுங்கள்.

பிரயன் ஸ்டோடார்ட் என்பவர் தென்னிந்திய வரலாற்றை ஆய்ந்த பேராசிரியர். ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக இருந்தவர். 2014ஆம் ஆண்டில் 'எ மெட்ராஸ் மையாஸ்மா' என்னும் ஆங்கில நாவலை வெளியிட்டார். முதல் உலகப் போர் முடிந்த பிற்பாடு, 1920களின் சென்னையில் கதை நிகழ்கின்றது. கால்வாயில் ஓர் ஆங்கிலேய இளம்பெண்ணின் சடலம் கிடக்கின்றது. துப்பறிய வருபவர் லெ ஃபானு என்னும் போலீஸ் கண்காணிப்பாளர். இந்த நாவல் ஒரு தொடராக வளர்ந்தது. அதன் மூன்றாம் நாவல் 2016இல் வந்தது. பெயர், 'எ ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்'. பெயரைக் கேட்டவுடனே பினாங்குக்காரர்களுக்கு விளங்கியிருக்கும். ஆம், லெ ஃபானு கப்பலேறி நம் ஊருக்குத்தான் வருகின்றார். வழக்கு எதைப் பற்றியது தெரியுமா? காணாமற்போன ஓர் உயரதிகாரி, ஒரு கொலை, களவுபோகும் பழம்பொருள்கள், இவற்றோடு பின்னிக் கிடக்கும் கூலி ஆள்களைத் திரட்டி அனுப்பும் தொழில்!

நம் பூட்டனும் பூட்டியும் ஏறிவந்த கப்பலின் கதை ஐயா இது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்ட பிறகு கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தன் சொந்த ஊருக்கே போய், தன் உறவுக்காரரையே பேசி அழைத்து வந்து, தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கிய காலம் அது. நம் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றின் முதல் அத்தியாயம் அங்கேதான் தொடங்குகின்றது. அதைத் துப்பறியும் கதையாக்க வேண்டும் என்று தோன்றியது ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு. நமக்குத் தோன்றவில்லை.

ஸ்டோடார்ட் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு நன்றிதான் சொல்ல வேண்டும். என் கோபமெல்லாம் நம்மீது. ஏனென்றால் அவர் தேர்ந்தெடுத்த கண் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கண். அவர் எத்துணை நல்லெண்ணத்தோடு எழுதினாலும் அந்தக் கண் போகும் இடத்துக்குத்தான் கதையும் போகும். அதிகாரி கப்பலின் மேல்தட்டு அறையில் வருவார். நம்மவர் திறந்த தளத்தில் பாயை விரித்துப் படுத்து வந்தனர். கரை இறங்கியதும் அதிகாரி விடுதிக்குப் போவார். நம்மவர் புலாவ் ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். மேல்தட்டிலிருந்து பார்த்தால் கீழ்த்தளத்தில் இருப்பது 'கூட்டம்'. கூட்டத்துக்குப் பெயர் கிடையாது.

பெயர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகின்றது. ஸ்காட்லாந்தில் வளர்ந்த வங்காளி வம்சாவளி எழுத்தாளர் அபிர் முகர்ஜி 2016 முதல் ஒரு தொடர் எழுதி வருகின்றார். 1919ஆம் ஆண்டின் கல்கத்தாவில் தொடங்கும் தொடர். போரில் நொந்து, அபின் பழக்கத்துக்கு ஆளான விண்டம் என்னும் ஆங்கிலேய அதிகாரிதான் துப்பறிபவர். அவருக்குத் துணையாக சுரேந்திரநாத் பானர்ஜி என்னும் வங்காள இளைஞர். சுரேந்திரநாத் என்னும் பெயர் ஆங்கிலேயர் நாவில் நுழையவில்லையாம். ஆகவே அவரை 'சரண்டர்-நாட்' என்று அழைக்கின்றனர். சரணடையாதவன் என்று பொருள்படும் அந்தக் கேலிப்பெயருக்குள் ஒரு குத்தல் இருக்கின்றது. தொடக்க நாவல்கள் விண்டம் வாயால் சொல்லப்பட்டவை. 2021இல் வந்த ஐந்தாம் நாவலில்தான் பானர்ஜியும் தன் வாயால் கதை சொல்லத் தொடங்குகின்றார். ஐந்து நாவல்கள் ஆயின, ஓர் இந்தியனுக்கு வாய் திறக்க! ஆயினும் திறந்தது. நம் வீட்டு ஆளுக்கு நம் மொழியில் இன்னும் முதல் நாவலே எழுதப்படவில்லை.

மூன்றாவதாக ஒன்று சொல்லிவிட்டு நம் கதைக்கு வருகின்றேன். ஜாக்குலின் வின்ஸ்பியர் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 2003இல் 'மெய்சி டாப்ஸ்' தொடரைத் தொடங்கினார். முதல் உலகப் போரில் செவிலியாகப் பணியாற்றிய மெய்சி, போருக்குப் பிறகு தனியார் துப்பறிவாளராகின்றாள். பதினெட்டு நாவல்கள் வந்து, 2024இல் தொடர் நிறைவுற்றது. வின்ஸ்பியரின் தாத்தா சொம் போர்க்களத்தில் படுகாயமுற்றவர். அந்தத் தாத்தாவின் காயம்தான் பேத்தியைப் பதினெட்டு நாவல்கள் எழுத வைத்தது. போர் முடிந்துவிட்டது என்று அரசு அறிவிக்கின்றது, வீட்டுக்குள்ளே முடியவில்லை. முடியாத அந்தப் போரைத் துருவிப் பார்ப்பதற்குத் துப்பறியும் கதை மிகப் பொருத்தமான கருவி என்று அவர்கள் கண்டுகொண்டனர்.

நம் தாத்தாக்களுக்குக் காயம் இல்லையா?

சயாம்–பர்மா இரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கு வேலை செய்தனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ 1,80,000 முதல் 2,50,000 பேர் வரை எனக் கணிக்கின்றனர். மாண்டவர் 90,000 அளவில் இருக்கலாம் என்கின்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். ஆங்கிலப் படங்களும் நூல்களும் பேசுவது 12,000 பேரைப் பற்றி. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. நம்மவர் கிடக்கும் குழிகளுக்குப் பெயர்ப் பலகை இல்லை. அங்குள்ள ஒரு பௌத்த ஆலயத்தில் தமிழருக்கு நடுகல் எழுப்பப்பட்டதே 2023இல்தான். எண்பது ஆண்டுகள் ஆயின, ஒரு கல் நட.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். போருக்குப் பிறகு, 1946இல், அந்தப் பாதையின் சயாம் பகுதியை ஆங்கிலேயர் 12,50,000 பவுனுக்குத் தாய்லாந்து அரசிடம் விற்றனர். பாதை போடுவதற்காக அண்டை நாடுகளிலிருந்து ஜப்பானியர் பெயர்த்தெடுத்துச் சென்ற பொருள்களுக்கு இழப்பீடு தருவதற்கு அந்தப் பணம் என்றனர். தண்டவாளத்துக்கு ஈடு கொடுத்தார்கள்! தண்டவாளத்துக்குக் கீழே கிடந்தவனுக்கு? இது ஒரு துப்பறியும் நாவலின் முதல் பக்கம் இல்லையென்றால் வேறெது?

தோட்டத்தில் காலையில் பெரட்டு நடக்கும். கிராணி செக்ரோல் புத்தகத்தைத் திறந்து பெயர் வாசிப்பார். பெயருக்கு உரியவர் குரல் கொடுப்பார். 1943இல் ஒருநாள் அந்தப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் பிரிக்கப்பட்டன. யார் பிரித்தது? தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று ஜப்பானியர் கேட்டனர். ஆனால் இன்னார் போக வேண்டும், இன்னார் இருக்கலாம் என்று முடிவு செய்த கை யாருடையது? அந்தக் கைக்குக் கோழியும் அரிசியும் கொடுத்துத் தன் மகனைக் காப்பாற்றிக்கொண்ட வீடு எது? கொடுக்க ஒன்றும் இல்லாததால் இரண்டு மகன்களை அனுப்பிய வீடு எது? 1945இல் ஒருவன் திரும்பி வருகின்றான். பெரட்டில் ஒரு பெயருக்குக் குரல் கொடுக்கின்றான். ஆனால் அவன் அந்தப் பெயருக்கு உரியவன் அல்லன். செத்தவனுடைய பெயரை ஏன் எடுத்துக்கொண்டான்? செத்தவனுடைய மனைவி அவனைப் பார்த்தும் ஏன் வாய் திறக்கவில்லை?

இதோ, பத்து வரியில் ஒரு கதை. நான் எழுத்தாளன் அல்லன். எனக்கே இவ்வளவு வருகின்றதென்றால், எழுதத் தெரிந்தவருக்கு எவ்வளவு வரும்!

துப்பறியும் கதை கேட்கும் முதற்கேள்வி, 'இறந்தவர் யார்?' என்பது. அவர் பெயர் என்ன, எங்கிருந்து வந்தார், கடைசியாக அவரைப் பார்த்தது யார். சயாமில் மாண்டவர்களைப் பற்றி யாரும் கேட்காமல் விட்ட கேள்விகள் இவையேதாம். புள்ளிவிவரம் ஆயிரக்கணக்கில் பேசும். பிள்ளைகளின் காதில் அது ஏறாது. ஒரேயொரு சடலத்தின் பெயரைத் தேடி ஒருத்தி தோட்டம் தோட்டமாக அலைகின்றாள் என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பில் ஊசி விழும் ஓசை கேட்கும்.

இனி, பேச்சுப் போட்டிகளைப் பற்றிச் சற்று. (வருத்தப்படாதீர்கள், நானும் பிள்ளைகளைத் தயார்செய்து அனுப்புகின்றவன்தான்.) வரலாறு என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் போதும். மேடையேறும் பிள்ளை இராசேந்திர சோழன் 1025இல் கடாரம் வென்றதைக் கைகளை ஆட்டி முழங்கும். கடாரம் இன்றைய கெடா. பாலத்தைத் தாண்டினால் எட்டிவிடும் தூரம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையிடம் உன் கொள்ளுத்தாத்தாவின் பெயர் என்ன, அவர் எந்தத் தோட்டத்தில் இருந்தார், போரின்போது அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் திருதிருவென விழிக்கும். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அரசனின் பட்டப்பெயர் மனப்பாடம். எண்பது ஆண்டுக்கு முந்திய சொந்த இரத்தத்தின் பெயர் தெரியாது. வரலாற்றுக் கதை என்றாலே முடி, வாள், குதிரை, நந்தவனம் என்று பழக்கிவிட்டோம். கோவணம் கட்டிய வரலாறு நமக்கு வரலாறாகப் படவில்லை.

தமிழில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ப. சிங்காரம் இருக்கின்றார். மேடானிலும் பினாங்கிலும் புழங்கிய தமிழ் வணிகரையும் போரையும் நேரிற் கண்டவர்; 1946இல் தமிழகம் திரும்பி எழுதினார். 'கடலுக்கு அப்பால்' 1959இல் வந்தது. 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தது. முதல் நாவலின் நாயகன், போர் முடிந்த பினாங்கில் வட்டிக்கடைக்குத் திரும்பும் முன்னாள் இந்திய தேசிய இராணுவத்தான். நம் ஊர்த் தெருக்கள் தமிழ் நாவலில் அவ்வளவு உயிரோடு வேறெங்கும் வந்ததில்லை. நம் நாட்டில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். ஜப்பானியர் காலத்தையும் இந்திய தேசிய இராணுவத்தையும் பற்றிக்கூட நாவல்கள் தந்தார். இவர்களைத் தலைவணங்குகின்றேன்.

ஆனால் இவற்றைப் பதினோரு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க முடியுமா? சயாம் முகாமின் காலராவையும் அழுகிய புண்களையும் அந்த வயதில் நேருக்கு நேர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரியவர்களேகூட இந்நூல்களை வெளியீட்டு விழாவில் மொய்யாக வாங்கி அலமாரியில் வைத்ததோடு சரி. இவை தனித்தனி நாவல்கள். ஒன்றைப் படித்து முடித்த பிள்ளையை 'அடுத்தது எங்கே?' என்று ஓடவைக்கும் ஆற்றல் தொடருக்கு மட்டுமே உண்டு. ஆங்கிலத்திலும் மலாயிலும் பிள்ளைகள் தொடர் தொடராகத்தான் படிக்கின்றனர். ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் நம் பிள்ளைகளுள் பெரும்பாலோரின் தமிழ் வாசிப்பு அறுந்துபோகின்றது. அறுந்துபோகாமல் இழுத்துப் பிடிக்கும் கயிறு எது? செய்யுள் மனனமா? 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வை எடுத்துவிட்டார்கள். 'தேர்வுக்கு வராததை ஏன் படிக்க வேண்டும்?' என்று கேட்ட பெற்றோர்க்கு இப்போது அந்தச் சாக்கும் இல்லை.

இங்கே ஒருவரைக் குறிப்பிட்டாக வேண்டும். கெடாவைச் சேர்ந்த கே. பாலமுருகன், நம்மைப் போல் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சிறுவர்க்கென மர்ம நாவல்களையே தொடராக எழுதினார். குகை, வரைபடம், மலை, இரகசியம் என்று பிள்ளைகள் விரும்புவதை அறிந்து எழுதியவர். முடியாது என்பார்க்கு அவர் விடை. எனக்கு இருக்கும் ஆசையெல்லாம், அந்தக் குகைக்குள்ளே 1945ஆம் ஆண்டு இருக்க வேண்டும் என்பதே.

சரி, மறுப்புகளுக்கு வருவோம்.

ஒரு பள்ளியில் நூலகத்துக்கு நூல் வாங்குவதற்காகத் தயாரித்த பட்டியலில், மர்மக் கதைகள் அனைத்தையும் சிவப்பு மையால் அடித்துவிட்டனர். 'கொலை, கொள்ளை வேண்டாம், நல்ல நூல்களாக வாங்குவோம்' என்றனர். அடிபடாத நல்ல நூல்களின் பட்டியலில் இராமாயணமும் மகாபாரதமும் இருந்தன! தூங்குகின்றவர்களை இரவில் வெட்டிக் கொல்லும் காட்சி மகாபாரதத்தில் உண்டு என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை போலும். சிலப்பதிகாரத்தின் நடு முடிச்சே ஒரு சிலம்புத் திருட்டு வழக்குத்தான். உண்மையான கள்வன் பொற்கொல்லன், தண்டிக்கப்பட்டவன் கோவலன், அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டி வழக்கை வென்றவள் கண்ணகி. தடயத்தைக் கொண்டு நீதியை நிலைநாட்டிய அந்தப் பெண்ணை நாம் தெய்வமாக்கிவிட்டோம். மரியாதை இராமன் கதைகள் எல்லாம் என்ன? தமிழ்ப் பிள்ளைக்குத் துப்பறிதல் புதிதன்று.

புதிய உரைநடையிலும் புதிதன்று. ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வந்தது. துப்பறியும் கோவிந்தனை அவர் படைத்தார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஒரு தலைமுறையையே படிக்க வைத்தனர். பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக். என் தாயார் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். பால்வெட்டிவிட்டு வந்து, சோறு வடித்த கையோடு மாத நாவலை எடுத்து உட்காருவார். அட்டை கிழிந்த அந்த நாவல்கள் லயத்தில் பத்து வீடு சுற்றி வரும். அவர்கள் கெட்டுப்போகவில்லை. தமிழை விடாமல் வைத்திருந்தார்கள். இன்று பட்டம் பெற்ற பெற்றோர் எத்தனை பேர் வீட்டில் தமிழ் நூலைக் கையில் எடுப்பதைப் பிள்ளை பார்க்கின்றது?

இன்னொரு மறுப்பைத்தான் நான் மதிக்கின்றேன். மாண்டவர்களின் துயரத்தைப் பொழுதுபோக்குக் கதையாக்குவது அவமதிப்பு என்பர் சிலர். நியாயமான அச்சம். துன்பத்தை மசாலாவாகத் தூவி எழுதினால் அவமதிப்புத்தான். அப்படி எழுதுகின்றவரை நானே முதலில் எதிர்ப்பேன். ஆனால் மறந்துவிடுவது மரியாதையா? 1943இல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாமல் போகப்போகும் கடைசி நேரம் இது. அஞ்சலிக் கூட்டத்தில் ஒரு நிமிடம் எழுந்து நிற்கின்றோம், உட்காருகின்றோம், தேநீர் குடிக்கின்றோம். பிள்ளைகளுக்கு ஒரு கதைகூடக் கைமாறவில்லை.

பினாங்கைப் போல் இத்தகைய கதைக்கு வாய்த்த ஊர் வேறில்லை. 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மீது குண்டு விழுந்தது. சில நாள்களில் ஆங்கிலேயர் தம் மக்களை மட்டும் இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு தீவை விட்டுச் சென்றனர். ஆசியர் விழித்துப் பார்த்தபோது ஆட்சி இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டைக் கம்பத்தில் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அந்தக் கொடியை இறக்கியவர் இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர். குண்டுவீச்சை நிறுத்துமாறு வானொலி வழி ஜப்பானியருக்கு அறிவித்தவரும் அவரே. டிசம்பர் 19இல் ஜப்பானியர் வந்தனர். இந்தக் கொடிக்கதையைக் கேட்ட தமிழ்ப் பிள்ளை நம் ஊரில் எத்தனை?

பிறகு 1942இல் முகமூடிக்காரர் வந்தனர். மக்களை வரிசையாக நிறுத்தி, முகத்தை மூடிய ஒருவன் விரலை நீட்டினால் போதும், நீட்டப்பட்டவரை ஜப்பானிய இராணுவப் போலீஸ் கொண்டுபோய்விடும். போர் முடிந்த பின் அந்த முகமூடிகள் எங்கே போயின? அதே தெருவில், அதே காப்பிக்கடையில், தாம் காட்டிக்கொடுத்தவரின் மகனுக்குப் பக்கத்து மேசையில் அமர்ந்திருக்க மாட்டார்களா? 1946இல் பினாங்கில் இராணுவப் போலீசார் மீது வழக்கு நடந்தது. கூண்டில் நின்றவர் ஜப்பானியர். விரல் நீட்டியவர்?

லைட் தெருக் கான்வென்ட் கட்டடத்தில், 1943இல் பிடிபட்ட 'கிரெனேடியர்' என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலின் மாலுமிகளை அடைத்து வைத்தனர். அவர்கள் வகுப்பறைச் சுவரில் கீறிய பெயர்கள் பாதுகாக்கப்பட்டன. பள்ளிச் சுவரில் பெயர் கீறினால் நாம் பிள்ளையைத் தண்டிப்போம். அந்தக் கீறல்தான் சாட்சியம்.

இதே பினாங்கில்தான் இந்திய விடுதலைக்காக உளவாளிகளைப் பயிற்றுவித்த சுயராஜ் கழகம் இயங்கியது. ந. இராகவன் என்னும் பினாங்கு வழக்கறிஞர் அதன் பின்னணியில் இருந்தார். விடுதலைக்குப் பிறகு அவர் இந்தியாவின் தூதராகப் பல நாடுகளுக்குச் சென்றவர். 1942 செப்டம்பரில் இங்கிருந்து இளைஞர் நீர்மூழ்கிக் கப்பலிலும் தரைவழியாகவும் அனுப்பப்பட்டனர். பிடிபட்டனர். வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட நால்வர் 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். போருக்குப் பின் அவர்களுடைய நண்பன் ஒருவன் பினாங்குக்குத் திரும்பி, நம்முள் காட்டிக்கொடுத்தவன் இருந்தானா என்று தேடத் தொடங்கினால்? ஸ்டோடார்ட்டின் அதிகாரி சென்னையிலிருந்து பினாங்குக்கு வந்தார் அல்லவா? நம் ஆள் பினாங்கிலிருந்து சென்னைக்குப் போகட்டுமே!

துப்பறிபவர் யார் என்பதிலும் எனக்கொரு பிடிவாதம் உண்டு. போலீஸ் அதிகாரி வேண்டாம். வெள்ளைத் துரையும் வேண்டாம். 1943இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் போய்ச் சேர்ந்தனர். பால்வாளி தூக்கிய கை துப்பாக்கி தூக்கியது. 1945இல் படை கலைந்தது. அந்தப் பெண்கள் வீடு திரும்பினர். வாளியை மறுபடியும் எடு என்று அவர்களிடம் சொன்னபோது அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! இங்கிலாந்துக்குச் செவிலி மெய்சி என்றால் நமக்கு இவள். இருபது வயது. படிக்கத் தெரியும், ஏனென்றால் முகாமில் கற்றுக்கொண்டாள். பயம் போய்விட்டது. யாரும் அவளைப் பொருட்படுத்தாததால் எங்கும் நுழைய முடியும். சமையற்கட்டிலும் கோயில் வாசலிலும் குழாயடியிலும் அவளிடம் பெண்கள் பேசுவார்கள். லெ ஃபானுவிடம் பேச மாட்டார்கள்.

காலமும் அளவாகக் கிடைக்கின்றது. 1945 செப்டம்பர் 3இல் ஆங்கிலப் படை பினாங்கில் மீண்டும் கரையிறங்கியது. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. இடையே முப்பத்துமூன்று மாதங்கள். வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு ஒரே நாளில் வெற்றுத்தாளான காலம். மூட்டை மூட்டையாக அதைச் சேர்த்தவன் பைத்தியமான காலம். அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு தின்று வயிறு ஊதிய பிள்ளைகள், திரும்பி வராத கணவனுக்காகப் பொட்டை அழிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்ற பெண்கள். மாதம் ஒரு வழக்கு என்றாலும் முப்பத்துமூன்று நாவல்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பினாங்கில் இருபத்தெட்டுத் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஒவ்வொரு பள்ளியும் விழா எடுத்து, பொன்னிறக் கிண்ணமும் பிளாஸ்டிக் கேடயமும் வாங்குகின்றது. ஓராண்டு, ஒரேயோர் ஆண்டு, கிண்ணத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி இத்தகைய நாவல் ஒன்றை எழுதச் சொல்லி ஓர் எழுத்தாளரைக் கேட்போம். அச்சாகும் முன்பே ஒவ்வொரு பள்ளியும் நாற்பது படிகள் வாங்கிக்கொள்கின்றோம் என்று உறுதி கொடுத்தால், 1,120 படிகள் கைவசம். தமிழ் நூலுக்கு இது சிறிய எண்ணிக்கையா? நிலாம் வாசிப்புக் குறிப்பேட்டில் பிள்ளைகள் எதையோ எழுதி நிரப்பத்தானே செய்கின்றனர்? இதை எழுதட்டும்.

எழுத முன்வருகின்றவர் அச்சுப்படிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் அத்தியாயத்தைக் கையெழுத்துப் படியாகவே தந்தாலும் போதும். என் வகுப்பில் இருபத்தேழு பேர் இருக்கின்றனர். புதன்கிழமை கடைசிப் பாடவேளை எனக்குத்தான். உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, எந்த இடத்தில் கொட்டாவி விட்டார்கள், எந்த இடத்தில் 'அப்புறம் ஐயா?' என்று கேட்டார்கள் என்று குறித்து அனுப்புகின்றேன்.